கப்பி ஏறிய வில்

காலடிப்பேட்டைக்கும் காம்பவுண்டு வில்லுக்கும் என்ன உறவு என்று கேட்டால் வட சென்னைக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த வில்லை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்டு பிரிவின் 5 தங்கத்தையும் இந்தியா அள்ளியபோது தொலைக்காட்சியில் வந்தது. இரு முனையிலும் சக்கரம், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறுகள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. கோயில் சிற்பத்தில் ராமர் பிடித்திருக்கும் வில்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதன் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு தொழிலிலிருந்து, ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அவற்றில் பல, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நம் கண்ணெதிரே கிடப்பவை.

தொடக்கம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் ஃபாஹியன் குகை என்று ஒன்று உண்டு. மழைக்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தக் குகையில் கிடைத்த எலும்பு அம்புமுனைகளின் வயது 48,000 ஆண்டு வரை போகிறது என்று 2020-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில் அம்புக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அங்கே வாழ்ந்தவர்களின் இரை யானையோ காட்டெருமையோ அல்ல. மரத்தில் தாவும் குரங்கும் அணிலும். உயரத்தில், இலைகளுக்குள், நொடியில் மறையும் உயிரை அடிக்க ஈட்டி உதவாது. சின்ன முனை, லேசான அம்பு, விரைவாக இழுக்கக்கூடிய வில் வேண்டும். வேட்டைக்கேற்ப வில்லைத் திருத்துவது அன்றே தொடங்கிவிட்டது.

நம் பக்கத்தில் கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு 'வல்வில்' என்ற அடைமொழியே வந்துவிட்டது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் உடும்பில் தைத்தது என்கிறது புறநானூறு. கவிஞரின் மிகை இருக்கட்டும். ஊடுருவும் அம்பைத்தான் அன்றைய வேட்டுவரும் வியந்தார்கள் என்பது அதில் தெரிகிறது. கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் இன்றும் வில்வித்தைப் போட்டி உண்டு. சேரனின் சின்னமும் வில்தான்.

இங்கிருந்து ஒரு பெரிய தாவல், துறைமுகத்துக்கு. 1472-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. அந்நாட்டுத் துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுவரும் கப்பல், ஒவ்வொரு டன் சரக்குக்கும் 4 வில்கழிகளைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். நீள்வில்லுக்கு வேண்டிய யூ மரம் உள்நாட்டில் தட்டுப்பாடாகிவிட்டதே காரணம். ஆஸ்திரியா, பவேரியா காடுகளிலிருந்து யூ மரங்கள் வெட்டி வெட்டிக் கப்பலேறின. 1595-ல் இங்கிலாந்தின் படைப்பயிற்சியிலிருந்து வில்லையே விலக்கித் துப்பாக்கிக்கு மாறச் சொன்னார்கள். அடுத்த 5 ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. அதனால் சோழமண்டலக் கரையில் வந்து இறங்கிய ஆங்கிலேயர் கையில் வில் இல்லை. அவர்கள் தேடி வந்தது துணி.

அந்தத் துணிக்காகத்தான் காலடிப்பேட்டை உருவானது. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூர் அருகே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அவர் பெயரில் உண்டான பேட்டைதான் இது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலும் அக்காலத்தோடு சேர்ந்தது. தறிக்கு நூல் வேண்டும், நூலுக்குப் பஞ்சு வேண்டும். கொட்டை நீக்கிய பஞ்சு கட்டிகட்டியாக இருக்கும். அதைப் பிரித்துப் பொங்கவைக்கும் கருவி ஒரு வில். ஆளுயர வில்லைத் தொங்கவிட்டு, அதன் நரம்பு நாணை மரக்குண்டால் தட்டினால், நாணின் அதிர்வில் பஞ்சு இழையிழையாகப் பிரியும். மெத்தை தைப்பவர்கள் இந்த வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாணை 'டொய்ங்' என்று சுண்டியபடி தெருத்தெருவாக வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். போரிலும் வேட்டையிலும் துப்பாக்கியிடம் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில், வில் பஞ்சுக்குள் புகுந்து பிழைத்துக்கொண்டது.

அந்தப் பஞ்சு வில் அமெரிக்காவிலும் இருந்தது. தெற்கே ஜார்ஜியாவில் விளைந்த பருத்தியை அதனால் அடித்துத்தான் சுத்தம் செய்தார்கள். 1793-ல் எலி விட்னியின் ஜின் இயந்திரம் வந்து வில்லை ஓரங்கட்டிய பிறகும், லிவர்பூல் சந்தையில் அந்தச் சரக்கை 'வில்லடித்த ஜார்ஜியா' என்றே நெடுங்காலம் விற்றார்கள். அதே ஜார்ஜியாவில்தான் வேட்டை வில்லும் மறுபிறவி எடுத்தது. உள்நாட்டுப் போரில் தோற்ற தென்தரப்பில் சண்டையிட்ட மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்ற இரு சகோதரர்கள், துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாத நிலையில் வில்லெடுத்துக் காட்டுக்குப் போனார்கள். மாரிஸ் எழுதிய நூல் 1878-ல் வெளியாகி, படித்த நகரத்து மக்களிடையே வில் மோகத்தைக் கிளப்பியது. அடுத்த ஆண்டே அங்கே தேசிய வில்வித்தைச் சங்கம் உருவாகி, அவரே முதல் தலைவரானார்.

1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் நகரில், யாஹி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்படும் இஷி காட்டைவிட்டு வெளியே வந்தார். சான் பிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், நோயாளியிடமே மாணவரானார். வில் செய்யவும், அம்பு தீட்டவும், மானை ஒலியால் அழைக்கவும் இஷி அவருக்குக் கற்றுக்கொடுத்தார். 1916-ல் காசநோய் இஷியைக் கொண்டுபோயிற்று. போப் 1923-ல் வெளியிட்ட புத்தகம் அமெரிக்க வில்வேட்டைக்காரர்களின் பாலபாடமானது. இன்று அங்கே கோடிக்கணக்கில் புழங்கும் ஒரு தொழிலின் வேரில், தன் மக்கள் அனைவரையும் இழந்த ஒருவரின் கைவித்தை இருக்கிறது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம் இதுதான்.

அடுத்தது ஒரு விபத்து. டக் ஈஸ்டன் என்ற இளைஞருக்கு வேட்டைத் துப்பாக்கி வெடித்துக் கால்களில் பலத்த காயம். உடல் தேறிவரும் நாட்களில் அவர் கவனம் வில்லுக்குத் திரும்பியது. 1922-ல் தேவதாரு மரத்தில் அம்பு செய்து விற்கத் தொடங்கினார். எந்த இரண்டு மரக்குச்சியும் ஒன்றுபோல் வளையாது என்பது அவரை உறுத்தியது. 1939-ல் அலுமினியக் குழாய்க்கு மாறினார். 1941-ல் அந்த அம்புகளோடு லாரி ஹ்யூஸ் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றார். அதற்குள் விஸ்கான்சின் மாநிலம் 1934-லேயே வில்லுக்கென்று தனி மான்வேட்டைப் பருவத்தை அறிவித்துவிட்டிருந்தது.

வில்லும் உலோகத்துக்கு மாறிப் பார்த்தது. அதில் முன்னோடி இந்தியாதான். கொம்பும் நரம்பும் மரமும் பசையால் ஒட்டிய மத்திய ஆசிய வில் நம் ஈரக்காற்றில் பசை விட்டுப் பிரியும். ஆயுதச்சாலையில் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் கெடாத எஃகு வில்களை 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே அடித்தார்கள். சிலவற்றில் பொன் இழைப்பும் உண்டு. இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில், பர்மிங்காம் பக்கத்து ஓல்ட்பரியில் இருந்த ஆக்கிள்ஸ் அண்ட் போலாக் என்ற குழாய் நிறுவனம் 'அப்போலோ' என்ற பெயரில் எஃகுக்குழாய் வில்களைச் செய்து விற்றது. அந்த நிறுவனம் 1919-ல் உருவான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒன்று. அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அப்போலோ வில்லும் நம் அப்பாக்கள் மிதித்த ஹெர்குலிஸ் சைக்கிளும் ஒரே குழும வழியில் வந்தவை.

எஃகு வில்லுக்கு ஒரு கெட்ட குணம்: உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாமல் திடீரென்று முறியும். 1950-களில் கண்ணாடியிழை அந்த இடத்தைப் பிடித்தது. மிச்சிகனின் ஃபிரெட் பேர் போன்றவர்கள் மரத்தின் இருபுறமும் ஃபைபர் பட்டை ஒட்டி விற்றார்கள். காசிமேட்டில் கட்டுமரத்தை விரட்டிய ஃபைபர் படகும் இந்தக் கண்ணாடியிழைக் குடும்பம்தான். படகுக்கு வேண்டியது உப்புநீரைத் தாங்கும் உடல். வில்லுக்கு வேண்டியது லட்சம் முறை வளைந்தாலும் நிமிரும் உடல்.

இப்போது கப்பி வருகிறது. மிசூரி மாநிலத்து ஹாலஸ் வில்பர் ஆலன் ஒரு வில்வேட்டைக்காரர். நாணோசை கேட்ட மான், அம்பு வருவதற்குள் நகர்ந்துவிடுகிறது. அம்பு இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று நினைத்தார். வில்லின் முனைகளை வெட்டிவிட்டு அங்கே கப்பி பொருத்தினார். துறைமுகத்தில் பாரம் தூக்கும் எவருக்கும் கப்பி தெரியும். ஆலன் செய்த புதுமை, கப்பியின் அச்சை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தது. பழைய வில்லை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். முழுதாக இழுத்து நிற்கும்போதுதான் கை அதிகம் நடுங்கும். அச்சு விலகிய கப்பியில் பாரம் நடுவழியில் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்துவிடும். மீன்பாடி வண்டி மேம்பாலம் ஏறும்போது உச்சி வரைதான் மூச்சு வாங்கும். அதைத் தாண்டினால் இறக்கம். இன்றைய காம்பவுண்டு வில்லில் 80 சதவீதம் வரை பாரம் குறையும். 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வில்லை முழுதாக இழுத்தபின் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும் வரை வேட்டைக்காரர் காத்திருக்கலாம்.

1966 ஜூனில் ஆலன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1969 டிசம்பர் 30 அன்று கிடைத்தது. பெரிய கம்பெனிகள் தயங்கிய இந்த விசித்திர வில்லை, லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வில் பட்டறை வைத்திருந்த டாம் ஜென்னிங்ஸ் நம்பினார். வில்வித்தை இதழில் வில்களைச் சோதித்து எழுதிவந்த அவரே முதல் உரிமம் பெற்றுப் பெருமளவில் செய்து விற்றார். வில் வெற்றி பெற்றதும் வழக்கம்போல் நகல்கள் கிளம்பின. உரிமத்தொகை கொடுப்பதா வேண்டாமா என்ற சண்டையும் கிளம்பியது. ஆலனின் நிறுவனம் ஜென்னிங்ஸின் நிறுவனத்தோடே நீதிமன்றத்தில் மோத வேண்டிவந்தது. 1982-ல் அந்த வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. துப்பாக்கிக்குப் பேர்போன பிரௌனிங்கோடும் வழக்கு நடந்தது. காப்புரிமை செல்லும் என்று 1987-ல் நீதிமன்றம் சொன்னபோது, அதன் 17 ஆண்டுக் காலம் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன.

நடுவில் 1972 என்ற ஆண்டை நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மியூனிக்கில் வில்வித்தை 52 ஆண்டுக்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. ஆலனின் வில்லுக்கு அங்கே இடமில்லை. அதே ஆண்டு அமெரிக்கா வில் அம்பு விற்பனைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கு ஒதுக்கச் சட்டம் செய்தது. அதே ஆண்டு இந்தியா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதில் 'ஆயுதம்' என்பதன் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் இருக்கின்றன. முதலில் சில விலங்குகளுக்கு வேட்டை உரிமம் தர வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. வேட்டைக்கென்று பிறந்த வில் நம் நாட்டுக்கு வேட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்தது. அது சரியான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்த வில்லை ஆளுக்கேற்பப் பொருத்தும் கலை வேட்டைக்காரர்களிடம்தான் வளர்ந்தது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சாதாரண வில்லை அண்ணன் தம்பி மாற்றி மாற்றி எய்யலாம். காம்பவுண்டு வில் அப்படிப் பழகாது. அதன் சக்கரம், அதாவது கேம், ஒரு குறிப்பிட்ட தூரம் வரைதான் சுழலும். அங்கே சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். அந்தத் தூரம் எய்பவரின் உடம்பளவோடு ஒத்துப்போக வேண்டும். இரு கையையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, அங்குலத்தில் வருவதை 2.5-ஆல் வகுத்தால் ட்ரா லெங்த், அதாவது இழுக்கும் நீளம், ஏறக்குறைய கிடைக்கும். 65 அங்குலம் என்றால் 26. அரை அங்குலம் கூடினால் முழங்கை நிலை கெடும், நாண் முன்கையை உரசும். இது முதல் அளவு; இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைத் தொட்டாலும் வீண் வேலை.

பிறகு பாரம். வில்லின் வளையும் கையான லிம்பின் போல்ட்டை முறுக்கினால் ஏறும், தளர்த்தினால் இறங்கும். இளைஞர்கள் முதலில் தவறு செய்யும் இடம் இது. எண்ணைப் பெருமையாக நினைத்து ஏற்றிவிடுவார்கள். வேட்டைக்காரர்களுக்கு இதற்கு ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், குறியை நோக்கியபடியே இழுக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் பாரம் அதிகம். குளிரில் பல மணி நேரம் மரத்தின்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்த உடம்பு அதைவிடக் குறைவாகத்தான் ஒத்துழைக்கும்.

அடுத்தது அம்பு. வில்லின் விசையில் அம்பு கொஞ்சம் வளைந்துதான் புறப்படும். அந்த வளைவு வில்லின் பாரத்துக்கும் அம்பின் நீளத்துக்கும் முனையின் எடைக்கும் பொருந்த வேண்டும். அளவுக்கு மீறி லேசான அம்பும் ஆபத்து. ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் எடையாவது இருக்கட்டும் என்பது பொதுவிதி. அம்பே இல்லாமல் நாணை விட்டால் மொத்த விசையும் வில்லுக்குள்ளேயே திரும்பி, லிம்ப் பிளந்து கேம் வளைந்துவிடும். கடையில் சும்மா இழுத்துப் பார்க்கிறேன் என்பவரிடம் விற்பவர் பதறுவது அதனால்தான்.

எல்லாம் பொருத்தியபின் ஒரு காகிதத்தைச் சட்டத்தில் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் ஊடே எய்வார்கள். ஓட்டை மட்டும் விழுந்தால் அம்பு நேராகப் போகிறது. மேலே கிழிந்தால் வால் தூக்கலாகவும், பக்கவாட்டில் கிழிந்தால் வால் ஒதுங்கியும் போகிறது. அம்பு உட்காரும் ரெஸ்டை மயிரிழை நகர்த்தி, மறுபடி எய்து, மறுபடி கிழிசலைப் படிக்க வேண்டும். இரண்டு கேமும் ஒரே கணத்தில் முட்டுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒன்று முந்திப்போனால் வில்லைப் பிரஸ்ஸில் மாட்டிக் கயிற்றுக்கு ஒரு முறுக்குப் போடுவார்கள். நாணில் செருகிய பீப் என்ற சின்ன வளையம், கண்ணை மூடி இழுத்துத் திறக்கும்போது நேராகக் கண்முன் நிற்க வேண்டும். வேட்டைக்காரருக்குக் கடைசித் தேர்வு, அகலப் பிளேடு முனை. அந்தப் பிளேடுகள் காற்றில் இறக்கையாக வேலை செய்து, வில்லில் மிச்சமிருக்கும் சிறு பிசகையும் பெரிதாக்கிக் காட்டிவிடும். பயிற்சி முனையும் பிளேடு முனையும் ஒரே இடத்தில் தைத்தால்தான் அவர் காட்டுக்குப் போகலாம். அடிபட்ட மிருகம் துடிக்காமல் சாக வேண்டும் என்ற பொறுப்பு இந்த மணிக்கணக்கான வேலைக்குள் இருக்கிறது.

ஆலன் துரத்திய வேகத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. நல்ல காம்பவுண்டு வில்லின் அம்பு நொடிக்கு 90 மீட்டர் போகும். ஒலி 340 மீட்டர் போகும். 30 மீட்டரில் நிற்கும் மானுக்கு நாணோசை 0.09 நொடியில் எட்டிவிடும். அம்பு வர 0.33 நொடி. எவ்வளவு வேகம் கூட்டினாலும் ஓசையை அம்பு முந்தாது. அதனால் வேட்டை வில்லைப் பொருத்துபவர்கள் நாணில் ரப்பர் சுற்றுவார்கள், ரெஸ்டில் கம்பளித் துண்டு ஒட்டுவார்கள், கனமான அம்பு போடுவார்கள். கனத்த அம்பு வில்லின் விசையை அதிகமாக வாங்கிக்கொள்வதால் அதிர்வுக்கும் ஓசைக்கும் மிஞ்சுவது குறைவு.

நாணுக்கு வருகிறேன். நரம்பும் சணலும் போய், டாக்ரான் வந்தது. 1970-களில் கெவ்லார் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அறுந்தது. இன்றைய நாண் டைனீமா போன்ற உயர்வலிமைப் பாலித்தீன் இழை. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 1979-ல் காப்புரிமை கோரியது. இதே இழையில் திரித்த கயிறுதான் இன்று பெரிய கப்பல்களைக் கரையில் கட்ட எஃகு வடத்துக்கு மாற்றாக உலகத் துறைமுகங்களில் புழங்குகிறது; தண்ணீரில் மிதக்கும், ஆளால் தூக்கிப் போட முடியும். வில் நாணில் அதன் மெல்லிய இழைகளை வரிசையாக இழுத்து, நீளாமலிருக்க வெக்ட்ரான் என்ற வேறோர் இழையும் கலந்து, உராயும் இடங்களில் நூல் சுற்றி முடிப்பார்கள். காலடிப்பேட்டையின் பழைய பாவு ஓட்டிகளுக்கு அந்த வேலையைக் காட்டினால், இழுவை சீராக இருக்கிறதா என்றுதான் முதலில் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

நாணை விடும் ரிலீஸ் கருவியும் பழைய உறவுதான். துருக்கியரும் மொகலாயரும் கட்டைவிரலில் மாட்டிய வளையம் நாண் வெட்டாமல் காத்தது. ஷாஜகானின் ஜேட் கல் வளையம் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. இப்போது சின்ன உலோகக் கொக்கி நாணில் கட்டிய கயிற்று வளையத்தைப் பிடித்திருக்கும், ஒரு விசை அதை விடுவிக்கும்.

இந்தியாவில் இந்த வில் இலக்குப் பலகைக்கே வேலை செய்கிறது. 50 மீட்டரில் 80 சென்டிமீட்டர் வட்டம். 10 மதிப்பெண் தரும் நடுவட்டம் 8 சென்டிமீட்டர். பாரம் 60 பவுண்டைத் தாண்டக்கூடாது. வேட்டைக்குக் குட்டையாக இருந்த வில் இங்கே நீண்டது, அசையாமல் நிற்க ஸ்டெபிலைசர் கம்பி முளைத்தது, குறிபார்க்கும் சைட்டில் பல ஊசிகள் இருந்த இடத்தில் ஒற்றை லென்ஸ் வந்தது. 1995-ல் ஜகார்த்தா உலகப் போட்டியில் காம்பவுண்டு இடம்பெற்றது. 2014-ல் இஞ்சியோனில் ஆசியப் போட்டிக்குள் வந்தது, இந்திய ஆண்கள் அணி அப்போதே தங்கம் வென்றது. 2023-ல் பெர்லினில் 17 வயது அதிதி சுவாமி உலகப் பட்டம் வென்றார். திருவொற்றியூர் வழியாக வடக்கே போகும் ரயில்பாதையில் இருக்கிறது, காம்பவுண்டு வில் வீராங்கனை ஜோதி சுரேகாவின் விஜயவாடா.

உடம்புக்கேற்ப வில்லைத் திருத்துவதன் உச்சத்தை ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மாவட்டத்துப் பெண் சீத்தல் தேவியிடம் பார்க்கலாம். பிறவியிலேயே கைகள் இல்லாதவர். வலது காலால் வில்லைப் பிடித்து முன்னே தள்ளுகிறார், நாண், தோளில் பட்டையோடு கட்டிய ரிலீஸில் மாட்டியிருக்கிறது, தாடையால் விடுவிக்கிறார். பாரம் சரியும் கப்பி இல்லாவிட்டால் காலில் வில்லை ஏந்திக் குறிபார்த்து நிற்பது மிகக் கடினம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு சேர்ந்து வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 17.

2028 ஒலிம்பிக்கில் காம்பவுண்டு வில் முதல்முறையாக நுழைகிறது, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேரும் கலப்பு அணிப் போட்டியாக. போட்டி நடக்கப்போவது லாஸ் ஏஞ்சலஸில், டாம் ஜென்னிங்ஸ் ஆலனின் வில்லை நம்பிப் பட்டறையைத் திருப்பிய அதே வட்டாரத்தில்.